பெருசாக்குறதுக்கு இங்கிலீசுல எந்தச் சொல்? எது கூடுதெண்டு முதல்ல பாருங்க

மருதமுனையில இருந்து ஒரு தங்கச்சி கேட்ட கேள்வி இது. வீட்டில கைத்தறி நெசவு, இப்ப ஓடுற தறியோட இன்னும் கொஞ்சம் போடணும் எண்டு பேங்குக்கு இங்கிலீசுல கடிதம் எழுதுறா. அதுல ஒரு இடத்துல "என்லார்ஜ் அவர் பிஸ்னஸ்", இன்னொரு இடத்துல "எக்ஸ்டென்ட் த லோன்", கடைசியில "மெக்னிஃபை அவர் இன்கம்". டிக்‌ஷனறியில பாத்தா என்லார்ஜ், எக்ஸ்பான்ட், எக்ஸ்டென்ட், இன்க்ரீஸ், மெக்னிஃபை, அம்ப்ளிஃபை எல்லாத்துக்கும் பெரிதாக்கு, விரிவாக்கு, அதிகரி எண்டு மாறி மாறி அதே மூணு சொல்லத் தான் போட்டிருக்கு, அப்ப எத எழுதினாலும் சரி தானே சேர் எண்டு கேக்கிறா.

சரி வராது தங்கச்சி. அந்த மூணு இடத்துல ஒண்டு மட்டும் பரவாயில்ல, மற்ற ரெண்டும் பேங்க்காரருக்கு வேற அர்த்தத்த குடுத்திரும். ஆனா நீங்க கேட்டது நல்ல கேள்வி, ஏனெண்டா ஏ.எல். படிச்ச புள்ளைகள், கந்தோர்ல வேல செய்யிறவங்க, ப்ரொபோசல் எழுதுறவங்க எண்டு எல்லாரும் தடுக்கிற இடம் இது, அதனால கொஞ்சம் நீட்டித் தான் சொல்லப் போறன்.

இந்தக் குழப்பம் நம்மட கந்தோர்த் தமிழால வாறது. வீதி விரிவாக்கம் எண்டு போர்ட் போட்டிருப்பாங்க, அதுக்கு இங்கிலீசு ரோட் வைடனிங். விவசாய விரிவாக்கம் எண்டு சொல்லுறம், அதுக்கு இங்கிலீசு அக்ரிகல்ச்சரல் எக்ஸ்டென்ஷன். வியாபார விரிவாக்கம் எண்டா பிஸ்னஸ் எக்ஸ்பான்ஷன். தமிழ்ல ஒரே விரிவாக்கம், அங்க மூணு வேற வேற சொல். விவசாய விரிவாக்கத்துல வயல் ஒரு அடி கூட பெருசாகிறதில்ல, ஆராய்ச்சி நிலையத்துல கண்டுபிடிக்கிற விசயத்த வயல்காரர் வரைக்கும் கொண்டு போய்ச் சேக்கிறது தான் அந்த வேல, கை நீட்டிக் குடுக்கிற மாதிரி, அதனால தான் அது எக்ஸ்டென்ஷன்.

ஆனா வாயால கதைக்கக்குள்ள நாம இப்பிடிக் குழம்புறதே இல்ல, கவனிச்சுப் பாருங்க. றோட்ட அகலமாக்குறாங்க எண்டு சொல்லுவம். விலைய கூட்டிட்டாங்க. தவணைய நீட்டித் தந்தாங்க. வேலிய உசத்திக் கட்டினாங்க. போட்டோவ பெருப்பிச்சு எடுத்தம். ஒவ்வொண்டுக்கும் வேற வேற வினை தானா வருது. அதனால நான் படிப்பிக்கிற எல்லாருக்கும் சொல்லுறது ஒண்டே ஒண்டு தான், இங்கிலீசு எழுத முதல் "விரிவாக்கம்", "அதிகரிப்பு" எண்ட புத்தகச் சொல்ல தூக்கி ஒரு பக்கம் வச்சுட்டு, இத வீட்டில உம்மாகிட்ட எப்பிடிச் சொல்லுவன் எண்டு யோசிங்க. கூட்டுறதா, நீட்டுறதா, அகலமாக்குறதா, உசத்துறதா, பெருப்பிக்கிறதா? அது தெரிஞ்சா இங்கிலீசுச் சொல்லுல முக்காவாசி முடிவாகிரும்.

ஒரு குளத்துத் திருத்த வேலைய எடுங்க, எங்கட அம்பாறை மட்டக்களப்புப் பக்கம் இத விட நல்ல உதாரணம் கிடையாது. குளக்கட்ட உசத்துறாங்க, அது ரெய்ஸ் த பண்ட். கட்டு உசந்தா குளம் கொள்ளுற தண்ணி கூடும், அது இன்க்ரீஸ் த கப்பாசிட்டி. மழை காலத்துல குளம் நிரம்பி மிஞ்சுற தண்ணி வெளிய பாயுற வழி, வான் எண்டு சொல்லுறது, அத அகலமாக்குறாங்க, அது வைடன் த ஸ்பில்வே. வாய்க்கால அடுத்த வயல் கண்டம் வரைக்கும் நீட்டுறாங்க, அது எக்ஸ்டென்ட் த கனால். மறுகா சிறுபோகத்துக்குத் தண்ணி பாயுற வயல்பரப்பு நாலா பக்கமும் பரவுது, அது எக்ஸ்பான்ட் த இரிகேட்டட் ஏரியா. ஒரே வேல, ஒரே குளம், அஞ்சு வினை, ஒண்ட எடுத்து மற்றதுட இடத்துல வச்சா வாசிக்கிற எஞ்சினியருக்கு வேற வேல தான் கண்ணுல தெரியும். குளத்த முழுசா ஒரு பொருளா நினைச்சு பெருசாக்குறம் எண்டு சொல்லுறதெண்டா என்லார்ஜ் த டேங்க் எண்டும் சொல்லலாம், அதுவும் சரி தான். அதே வயல்பரப்பையே ஏக்கர் கணக்குப் போட்டு, 500 ஏக்கர்ல இருந்து 700 ஏக்கர் ஆகிட்டு எண்டு எழுதுறதெண்டா அங்க எக்ஸ்பான்ட விட இன்க்ரீஸ் தான் பொருந்தும், ஏனெண்டா நம்பர் வந்திட்டு.

இது தான் இன்க்ரீஸோட குணம். எண்ணிப் பாக்கலாம், அளந்து பாக்கலாம் எண்ட எதுக்கும் இன்க்ரீஸ் போகும், சம்பளம், வருமானம், வாடகை, ஆக்களோட தொகை, வேகம், வெப்பம், உற்பத்தி. ஆனா ஒரு பொருளுக்கு நேரா போகாது. இன்க்ரீஸ் த ரூம், இன்க்ரீஸ் த ஷொப் எண்டு எழுதினா காதுல இடிக்கும். எழுதியே ஆகணும் எண்டா நடுவுல ஒரு அளவச் சேருங்க, இன்க்ரீஸ் த சைஸ் ஒஃப் த ஷொப், இன்க்ரீஸ் த நம்பர் ஒஃப் லூம்ஸ், அப்ப சரியாகிரும். என்ன சொல் எண்டு தெரியாமத் தடுமாறுற நேரத்துல இந்த வழி கை குடுக்கும். இன்னொண்டு, நல்லா இருக்கிற குணத்த இன்க்ரீஸ் பண்ணுறது அவ்வளவு வடிவில்ல, குவாலிட்டிக்கு இம்ப்ரூவ் தான் போகணும். இந்த இன்க்ரீஸும் பிறைய சொல்லுற க்ரெசென்டும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தது, வளருறது எண்டு அர்த்தம். அதாவது க்ரெசென்ட் எண்டா முதல்ல வளருற பிறை. நாம நோன்புக்கும் பெருநாளுக்கும் பாக்கிற தலைப்பிறையும் வளரத் தொடங்குற பிறை தானே, அத நினைச்சு வச்சா இன்க்ரீஸ் எப்பிடிப்பட்ட கூடுதல் எண்டு மனசுல நிக்கும், அளந்து சொல்லக்கூடிய மாதிரி.

இப்ப எக்ஸ்டென்ட், எக்ஸ்பான்ட் ரெண்டும். எழுத்துலயும் சத்தத்துலயும் கிட்ட கிட்ட வாறதால இதுல தான் கூட ஆக்கள் மாறுறாங்க. எக்ஸ்டென்ட் எண்டா நீட்டுறது, ஒரு நுனியப் பிடிச்சு இழுக்கிறது. நீளமா இருக்கிற எதையும் நீட்டலாம், காலத்தையும் நீட்டலாம், விசா, தவணை, குத்தகை, லீவு, கடைசித் திகதி எல்லாம் எக்ஸ்டென்ட். எக்ஸ்பான்ட் எண்டா எல்லாப் பக்கமும் பரவுறது. மட்டக்களப்போட நிக்கிற ரெயில் பாதைய கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் கொண்டு போகணும் எண்டு நம்மட ஆக்கள் எவ்வளவு காலமாக் கேக்கிறாங்க, அந்தக் கோரிக்கைய இங்கிலீசுல எழுதுறதெண்டா எக்ஸ்டென்ட் த லைன் டு பொத்துவில் எண்டு தான் எழுதணும். எக்ஸ்பான்ட் த ரெயில்வே எண்டு எழுதினா நாடு முழுக்க கூடப் பாதை, கூட ரெயில், கூட ஸ்டேஷன் எண்டு மொத்தத்தையும் பெருசாக்கச் சொல்லுற மாதிரி ஆகிரும், பொத்துவில் அதுக்குள்ள காணாமப் போயிரும்.

வீட்டு விசயத்துல கொஞ்சம் கவனம். பின்னால ஒரு அறை இறக்கிக் கட்டுறத இங்கிலீசுல எக்ஸ்டென்ட் த ஹவுஸ் எண்டு தான் சொல்லுவாங்க, அந்த அறைக்கே எக்ஸ்டென்ஷன் எண்டு பேர். கடை அப்பிடி இல்ல. கடைக்கட்டடத்த நீட்டினா எக்ஸ்டென்ட், யாவாரம் பெருகி புதுக் கிளை, புதுச் சாமான், கூட ஆக்கள் எண்டு போனா எக்ஸ்பான்ட். அதனால தங்கச்சி, உங்கட பிஸ்னஸுக்கு எக்ஸ்பான்ட் தான் வேணும். என்லார்ஜ் எண்டு நீங்க எழுதினத பெரும் பிழை எண்டு சொல்ல மாட்டன், விளங்கிரும், பழைய காலத்து இங்கிலீசுல அப்பிடியும் எழுதியிருக்காங்க, ஆனா இண்டைக்கு பேங்குல இருக்கிற எவரும் எதிர்பாக்கிற சொல் எக்ஸ்பான்ட்.

எக்ஸ்பான்டுக்கு இன்னும் ரெண்டு மூணு வேல இருக்கு. ஓ.எல். கணக்குல அடைப்புக்குறிக்குள்ள ஏ கூட்டல் பி, அதோட வர்க்கத்த ஏ வர்க்கம் கூட்டல் 2 ஏ பி கூட்டல் பி வர்க்கம் எண்டு பிரிச்சு எழுதுறம் பாருங்க, அது எக்ஸ்பான்ட். சூட்டுல இரும்பு விரியிறதும் எக்ஸ்பான்ட், பாலங்கள்ல தட்டுக்குத் தட்டு சின்ன இடைவெளி விட்டிருக்கிறதுக்குப் பேர் எக்ஸ்பான்ஷன் ஜொயின்ட். சுருக்கமாச் சொன்னத விரிச்சுச் சொல்லுங்க எண்டு கேக்கிறதுக்கு எக்ஸ்பான்ட் ஒன் திஸ். எல்லாத்துலயும் உள்ளுக்குள்ள மடிஞ்சு இருந்தது வெளிய விரியுது.

இனி உங்கட கடிதத்துல உண்மையில ஆபத்தான இடம், எக்ஸ்டென்ட் த லோன். நீங்க நினைச்சது இருக்கிற லோனுக்கு மேல இன்னும் கொஞ்சம் கூட்டித் தாங்க எண்டு. ஆனா பேங்க் பாசையில எக்ஸ்டென்ட் எண்ட சொல்லுக்கு லோன் விசயத்துல ரெண்டு அர்த்தம் இருக்கு. எக்ஸ்டென்ட் எ லோன் டு சம்வன் எண்டா ஒருத்தருக்குக் கடன் குடுக்கிறது, கை நீட்டிக் குடுக்கிறது, எக்ஸ்டென்ட் அன் இன்விடேஷன் எண்டு அழைப்புக் குடுக்கிறதும் அதே வகை தான். மற்றது, ஏற்கனவே எடுத்த லோன் கட்டி முடிக்கிற காலத்த நீட்டித் தாறது. வாசிக்கிற மனேஜர் ரெண்டாவத நினைச்சா என்ன ஆகும், இந்தப் புள்ளைக்கு மாசாமாசம் கட்டுறது கஷ்டமா இருக்கு போல, தவணை கேக்கிறா எண்டு தான் எடுப்பாரு. நீங்க புதுத் தறி போட உற்சாகமா எழுதின கடிதம் கடன் கட்ட ஏலாத ஆளுட கடிதமா மாறிரும். அதனால தொகை கூடணும் எண்டா இன்க்ரீஸ் த லோன் அமௌன்ட், காலம் நீளணும் எண்டா எக்ஸ்டென்ட் த ரிபேமென்ட் பீரியட் எண்டு முழுசா எழுதுங்க. காசு விசயத்துல கொஞ்சம் நீட்டி எழுதினாலும் பரவாயில்ல, ரெண்டு அர்த்தம் வாற மாதிரி எழுதவே கூடாது.

என்லார்ஜ் இப்ப எங்க வாழுது எண்டா, போட்டோவுலயும் வைத்தியர் எழுதுற ரிப்போட்லயும் தான் கூட. ஸ்டூடியோவுல போய் இத என்லார்ஜ் பண்ணித் தாங்க எண்டு தமிழ்லயே சொல்லுறம். போட்டோகொப்பிக் கடையில ஏ4 தாள ஏ3 ஆக்கக்குள்ள மெஷின்ல 141 சதவீதம் எண்டு காட்டுறத பாத்திருப்பீங்க, தாள் ரெண்டு மடங்கு பெருசாகுது, அப்ப 200 எண்டு காட்ட வேணாமா எண்டு கேக்கிற ஆக்கள் இருக்காங்க. அந்த 141 நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள கணக்கு, 210 மில்லிமீட்டர் 297 ஆகுது, 297 வந்து 420 ஆகுது, ரெண்டையும் பெருக்கினா பரப்பு ரெண்டு மடங்கு. 200 சதவீதம் போட்டா பரப்பு நாலு மடங்காகிரும். அதனால ட்வைஸ் த சைஸ் எண்டு இங்கிலீசுல எழுதுறது ஆபத்து, நீளம் ரெண்டு மடங்கா பரப்பு ரெண்டு மடங்கா எண்டு விளங்காது, துணி டிசைன் பெருப்பிக்கக் குடுக்கக்குள்ள அளவையே இஞ்ச் கணக்குல எழுதிருங்க. உடம்பு விசயத்துல ஈரல், இதயம், கழலை எல்லாம் வீங்கிப் பெருத்தா என்லார்ஜ்ட் எண்டு எழுதுவாங்க, ஆனா கண்மணி விரிஞ்சாலோ ரத்தக்குழாய் விரிஞ்சாலோ டைலேட்டட். ஸ்கேன் ரிப்போட்ட தமிழ்ல சொல்லிக் குடுக்கிற வேல உங்களுக்கு வந்தா இந்த வித்தியாசம் உதவும்.

மெக்னிஃபைக்கு வாறன். பொருள் பெருசாகாது, பார்வைக்குத் தான் பெருசாத் தெரியும், இது தான் மெக்னிஃபை. பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்புல கண்வில்ல 10 மடங்கு, கீழ உள்ள வில்ல 40 மடங்கு எண்டா மொத்தம் 400 மடங்கு பெருசாத் தெரியும், ஆனா கண்ணாடித் தட்டுல இருக்கிற வெங்காயத் தோல் இருந்த அளவுலயே தான் இருக்கு. அப்ப மெக்னிஃபை அவர் இன்கம் எண்டு எழுதினா என்ன தொனி வருது பாருங்க, வருமானம் கூடல்ல, கூடின மாதிரிக் காட்டப் போறம் எண்டு. பேங்குக்கு எழுதுற கடிதத்துல அது வரவே கூடாத தொனி. இன்க்ரீஸ் அவர் இன்கம், அவ்வளவு தான். பிரச்சினை, பயம், வித்தியாசம் மாதிரி விசயங்களுக்கு மெக்னிஃபை போகும், அங்க உண்மையிலயே தாக்கம் பெருசாகிறதச் சொல்லலாம்.

அம்ப்ளிஃபை சத்தத்துக்கும் சிக்னலுக்கும் உரியது, கோயில் திருவிழாவுல கட்டுற அம்ப்ளிஃபயர் எல்லாருக்கும் தெரிஞ்சது தானே. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில பௌர்ணமி இரவுகள்ல பாடும் மீன் சத்தத்த துடுப்ப தண்ணிக்குள்ள வச்சு மறு நுனியில காத வச்சுக் கேக்கிறது நம்மட ஊர்ப் பழக்கம், அதையே தண்ணிக்குள்ள மைக் இறக்கிப் பெருக்கிக் கேட்டா அது அம்ப்ளிஃபை, மெக்னிஃபை இல்ல. ஆனா ரேடியோ சத்தத்த கூட்டுங்க எண்டு வீட்டில சொல்லுறதுக்கு அம்ப்ளிஃபை எண்டு எவரும் சொல்ல மாட்டாங்க, டேர்ன் இட் அப் தான். என்ஜிஓ ரிப்போட்ல அம்ப்ளிஃபை த வொய்சஸ் ஒஃப் விமன் எண்டு இப்ப அடிக்கடி வருது, கேக்காத குரல கேக்க வைக்கிறது எண்ட அர்த்தத்துல அது நல்ல பாவனை.

பாலம் எண்டு வந்ததால வைடன் பற்றியும் சொல்லிருறன். கல்லடியில 1924ல திறந்த பழைய இரும்புப் பாலம், லேடி மெனிங் பாலம், அப்ப ஒரு பக்கத்து வாகனம் நிண்டு வழி விட்டாத் தான் மற்றப் பக்கம் வர ஏலுமா இருந்திச்சு. 2013ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாங்க, பழையது இன்னும் நிக்குது. இத இங்கிலீசுல த பிரிட்ஜ் வோஸ் வைடன்ட் எண்டு எழுதினா பிழை, ஏனெண்டா பழைய பாலத்த எவரும் அகலமாக்கல்ல, எ வைடர் பிரிட்ஜ் வோஸ் பில்ட் எண்டு எழுதணும். வைடன் கண்ணால பாக்கிற அகலத்துக்கு, ப்ரோடன் கூடுதலா அறிவு, அனுபவம், வரி அடித்தளம் மாதிரி கையால தொட ஏலாத விசயங்களுக்கு. செய்தியில வாற ப்ரோடன் த டெக்ஸ் பேஸ் எண்டா வரி வீதத்த கூட்டுறது இல்ல, வரி கட்டுற ஆக்களோட வட்டத்த அகலமாக்குறது.

மற்றதுகள சுருக்கமாச் சொல்லுறன். என்ஹான்ஸ் எண்டா பெருசாக்குறதே இல்ல, இருக்கிறதோட தரத்தையோ மதிப்பையோ கூட்டுறது, மங்கின போட்டோவ தெளிவாக்குறது என்ஹான்ஸ், பெருப்பிக்கிறது என்லார்ஜ், வேலைக்குக் குடுக்கிற சீவியில எல்லாத்துக்கும் என்ஹான்ஸ் போடுறத தயவுசெஞ்சு விடுங்க. பூஸ்ட் பேப்பர்க்காரங்க விரும்புற சொல், ஏற்றுமதி, விற்பனை, நம்பிக்கை எண்டு வரும், கடிதத்துல அளவாப் பாவிங்க. ஃபேஸ்புக்ல பூஸ்ட் போடுறது போஸ்ட பெருசாக்க இல்ல, பாக்கிற ஆக்கள கூட்ட. ஸ்கேல் அப் எண்டா ஒரு கிராமத்துல சின்னதாச் செஞ்சு பாத்தது சரி வந்திட்டு, அதையே பெரிய அளவுல பல கிராமத்துல செய்யிறது, ப்ரொபோசல்ல இது பிரயோசனமான சொல், ஆனா அப்ஸ்கேல் எண்டு திருப்பிப் போடாதீங்க, அது பணக்காரத்தனமான கடை, ஹோட்டல சொல்லுற சொல்லாவும் இருக்கு. ஓக்மென்ட் கொஞ்சம் கனமான சொல், போதாம இருக்கிற ஒண்டுக்கு மேலதிகமாச் சேக்கிறது, வருமானத்துக்கு மேல துணை வருமானம் மாதிரி. இல்லாததும் பொல்லாததும் சேத்துப் பெருப்பிச்சுக் கதைக்கிறது எக்ஸாஜரேட்.

இலக்கணத்துல ஒரு சிக்கல் இருக்கு, அத விட்டுட்டுப் போக மனம் வரல்ல. தமிழ்ல கூடுது வேற கூட்டுறம் வேற, பெருகுது வேற பெருக்குறம் வேற, நீளுது வேற நீட்டுறம் வேற, தன்வினை பிறவினை எண்டு சொல்லிலயே தெரியும். இங்கிலீசுல இன்க்ரீஸ், எக்ஸ்பான்ட், எக்ஸ்டென்ட் மூணும் ரெண்டு வேலையும் செய்யும், விலை இன்க்ரீஸ் ஆகும், கடைக்காரர் விலைய இன்க்ரீஸ் பண்ணுவாரு. ஆனா உயருறதுக்கு மட்டும் நம்மளப் போலவே பிரிச்சு வச்சிருக்காங்க, தானா உயர்ந்தா ரைஸ், ஆள் உயர்த்தினா ரெய்ஸ். த பிரைசஸ் ரெய்ஸ்ட் எண்டு எழுதுறது பிழை, பிரைசஸ் ரோஸ் எண்டு வரணும். உயருது, உயர்த்துறம் எண்டு தமிழ்ல ஒருக்கா சொல்லிப் பாத்தா இது மாறவே மாறாது.

நம்பர் எழுதக்குள்ள பை, டு ரெண்டையும் மாத்திராதீங்க. 10 தறிய 15 தறி ஆக்கப் போறீங்க எண்டா இன்க்ரீஸ் பை 5, இன்க்ரீஸ் டு 15, அல்லது இன்க்ரீஸ் பை 50 பெர்சென்ட். இன்க்ரீஸ் பை 15 எண்டு எழுதினா மொத்தம் 25 தறி கேக்கிறீங்க எண்டு ஆகிரும், அதுக்கு லோன் கணக்கே வேற. வட்டி வீதத்துல இன்னும் கவனம், 10 வீதத்துல இருந்து 12 வீதம் ஆனா அது 2 பெர்சென்டேஜ் பொயின்ட் கூடுதல், 2 பெர்சென்ட் கூடுதல் இல்ல, பெர்சென்ட்ல சொன்னா 20.

மறுகா, சொல் தெரியாம நிக்கக்குள்ள டிக்‌ஷனறியில என்லார்ஜ், எக்ஸ்பான்ட் எண்டு வினையத் தேடாதீங்க, பெயர்ச்சொல்லத் தேடுங்க. இன்கம் எண்டு தேடினா அதோட சேந்து வாற வினை எது எண்டு உதாரண வசனத்துலயே தெரியும், கொலொகேஷன் டிக்‌ஷனறி எண்டு இதுக்கெண்டே தனி அகராதி இருக்கு, கம்பஸ் லைப்ரரியில கேட்டுப் பாருங்க. இல்லாட்டி கூகுள்ல மேற்கோள் குறிக்குள்ள முழுத் தொடரையும் போட்டுத் தேடுங்க, எத்தின ரிசல்ட் வருது எண்டு பாக்காம எப்பிடிப்பட்ட ஆக்கள் எழுதியிருக்காங்க எண்டு பாருங்க, பேங்குகள், பத்திரிகைகள் அந்தத் தொடர எழுதியிருந்தா நம்பிப் பாவிக்கலாம். கடிதத்த திருத்தி எழுதிட்டு அனுப்ப முதல் தொகையையும் தவணையையும் தனித்தனி வசனமாப் பிரிச்சிருக்கா எண்டு மட்டும் திருப்பி ஒருக்கா பாத்துக்கங்க.